மூன்று கால் நாற்காலி

கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பதினாறாம் வீட்டு மீட்டரைப் படிக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் பெட்டியின் மூடி போன நாளிலிருந்து அந்தக் கோழி அதற்குள்தான் முட்டையிடுகிறது. வேறு யார் கை நீட்டினாலும் கொத்தும். இவர் குனிந்தால் மட்டும் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு தூக்கக் காத்திருக்கும். "என்னம்மா, இன்னைக்கும் சும்மாதானா?" என்று விசாரித்து, டார்ச் அடித்து எண்ணைக் குறித்து, கோழியைப் பழையபடி உட்காரவைத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார்.

தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் பராக்கு. நீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிற வேலை, முப்பத்தோரு வருஷமாக. நாளைக்கு நூற்று நாற்பது வாசல். தலையில் துணித்தொப்பி, காதில் பென்சில். கால் வேலையைப் பார்க்கும், கண் ஊரைப் பார்க்கும். இந்தக் குணம் அம்மா வழியில் வந்தது. அவருடைய தாய்மாமன் ஒருவர், நாலு பெண்களுக்கு நடுவில் பிறந்தவர், தன் கல்யாணத்துக்குப் போகிற வழியில் கூரைமேல் ஏறி நின்ற ஆட்டைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். பெண்வீட்டார் ஆள் விட்டுத்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மாமனின் மூக்கும் இவருக்குத்தான் வந்தது, அந்தப் புத்தியும் இவருக்குத்தான் வந்தது.

இரண்டு பக்கமும் சுவரே இல்லாமல் தனியாக நிற்கும் இரும்புக் கேட் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் தினமும் அதைத் திறந்து வெளியே வந்து, பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் முட்டிச் சப்பையாகி நிற்கும் காரின் கதவில் அதே பள்ளியின் பெயர் இருக்கும். முடிதிருத்தும் கடைக்காரர் தன் கழுத்தில் தானே துணியைக் கட்டிக்கொண்டு கடை நாற்காலியில் தூங்குவார். வேலை நடக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் பெஞ்சில் காத்திருப்பார்கள். நாற்பத்திரண்டாம் வீட்டுக் கொடியில் புருஷன் துணியும் பெண்டாட்டி துணியும் அக்கம்பக்கமாகத் தொங்கினால் சமாதானம். ஆளுக்கொரு கோடியில் தொங்கினால் அன்றைக்குக் கதவைத் தட்டாமல் எண்ணைப் பார்த்துக்கொண்டு நழுவிவிட வேண்டும்.

இத்தனையும் அவர் சேர்ப்பது அக்காவுக்காக. ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவள், இவர் கடைசி. நடுவில் பிறந்த மூன்று பேரும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அத்தான் கண்ணை மூடியபின் அக்கா தம்பியோடு வந்து இருந்துவிட்டாள். சீருடை தைக்கும் பட்டறையில் சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணை நம்பித்தான் ஊசியும் ஓடுகிறது, அவளும் நடக்கிறாள். சாயங்காலம் தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு என்னடா கொண்டு வந்தே?" என்பாள். நாளைக்கு மூன்று சங்கதி, அதுதான் கணக்கு. ஒன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டால் போதும், "பழசு. வேற எடு" என்று கையை ஆட்டுவாள்.

மூன்று வாரமாக அவர் வெறுங்கையோடு வருகிறார்.

பட்டறைக்குப் போகிற வழியில், அச்சகத்துச் சுவரை ஒட்டிய நடைபாதையில், மழைநீர் வாய்க்காலின் மூடி உடைந்து உள்ளே விழுந்தது. நெஞ்சளவு ஆழம். போகும்போது அது அக்காவுக்கு இடது பக்கம். முதல் நாளே ஒரு கால் உள்ளே போய், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து வீட்டுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் நடக்கலாம் என்றால் லாரிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகின்றன. வேலையை விட்டுவிடு என்றால், "உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நாலு சுவத்துக்குள்ள உக்காரவா?" என்கிறாள்.

பராக்கு அன்றைக்கே தன் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. அத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு கால் முறித்த மர நாற்காலி வீட்டில் கிடந்தது. அதைத் தோளில் சுமந்துபோய்க் குழிக்குள் தலைகீழாகச் செருகி, மிச்சமிருந்த மூன்று கால்களில் ஒன்றில் சிவப்புத் துணியைக் கட்டினார். அக்காவின் நல்ல கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக.

அதற்குப் பிறகுதான் ஊர் தன் வேலையைக் காட்டியது. மறுநாள் ஒரு காலில் பழைய ஹெல்மெட் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் கறுப்புக் கண்ணாடி. வார முடிவில் யாரோ சட்டை மாட்டிவிட்டு, கழுத்தில் "அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார்" என்று அட்டையும் தொங்கவிட்டார்கள். போகிறவர்கள் சலாம் வைத்தார்கள். இரண்டு பேர் தெரு தாண்டி வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பராக்கு போய் ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தபோது, படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "கொஞ்சம் தள்ளுங்க மாமா, நிழல் விழுது" என்றாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? எங்கக்கா கால் போயிருக்கும்!"

"கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்களும் வந்து நில்லுங்க, சேத்து எடுக்கறேன்."

அன்றைக்கு முதல்முறையாக நூற்று நாற்பது வாசலையும் தரையைப் பார்த்தபடியே நடந்து முடித்தார். கோழியைக்கூட விசாரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் புகார்ப் பிரிவுக்குப் போனார். மேஜையில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க புகார் முடிஞ்சிருச்சே அண்ணே."

"யாரும்மா மூடினது? நான் காலையிலகூட அந்த வழியாத்தான் வந்தேன்."

"படம் இருக்குண்ணே. 'தடுப்பு வைக்கப்பட்டுள்ளது'ன்னு போட்டு முடிச்சிருக்காங்க." திரையைத் திருப்பினாள். அத்தானின் நாற்காலி, அவர் கட்டிய சிவப்புத் துணி.

"அது நான் வெச்ச நாற்காலிம்மா!"

"அய்யோ, நீங்கதானா அது?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டாள். "அக்கா, அந்த நாற்காலி ஆபீசர் இருக்காரே, இவருதான் வெச்சாராம்! என் போனைத் திறந்தாலே அதுதாண்ணே வருது."

"புகாரைத் திரும்பப் போடும்மா."

"போடலாம். ஆனா படத்துல குழி தெரியணும். இதுல நாற்காலிதானே தெரியுது? அதை எடுத்துட்டு ஒரு படம் பிடிச்சுக் குடுங்க."

"அதை எடுத்தா யாராவது விழுந்துருவாங்க."

"அப்ப எடுக்காதீங்க."

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மேற்பார்வையாளர் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவைப் பார்த்து, புகார் முடிந்தது என்று கையெழுத்துப் போட வருகிறார் என்றும், போட்டுவிட்டால் அடுத்த வருஷம்தான் இந்தத் தெருவைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் அவளேதான் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் அக்கா வழக்கம்போல, "என்னடா கொண்டு வந்தே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல எல்லாவனுக்கும் பல்லு மட்டும்தான் இருக்கு. எதைப் பாத்தாலும் இளிக்கிறான். எவனாவது குனிஞ்சு உள்ள என்ன இருக்குன்னு பாத்தானா?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்து, முடிச்சும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நீ பாத்தியாடா?"

"என்ன?"

"அந்த கேட்டு தனியா நிக்குதுன்னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சே. நானும்தான் சிரிச்சேன். சுவர் எங்க போச்சுன்னு அவரைக் கேட்டியா?"

கேட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். குழாய் பதிக்க வந்தவர்கள் இடித்தார்கள்; வேலை முடிந்ததும் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருடைய வாரியத்து ஆட்கள்தான். கோழி உட்கார்ந்திருக்கும் பெட்டியின் மூடியும் வாரியத்து மூடிதான். மூடி இல்லை என்று குறிக்க அவருடைய மீட்டர் குறிப்பேட்டில் ஒரு கட்டமே உண்டு. ஆறு வருஷமாக அதைக் காலியாக விட்டுவிட்டு, கோழிக் கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டு சுவர் ஓரம்வரை போனது. கோபம் யார்மேல் என்று அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் பராக்கு அச்சகத்துச் சுவரருகே போய் நாற்காலியில் கை வைத்ததுமே கூட்டம் கூடிவிட்டது. அவர் அதைப் பிடுங்கி, சட்டையையும் அட்டையையும் கழற்றி வீசி, அதைச் சுவரோரம் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மீட்டர் படிக்கக் குனிகிற அதே நிதானத்தோடு விளிம்பில் கையூன்றிக் குழிக்குள் இறங்கினார். கணுக்கால்வரை சேறு. நடைபாதைக்கு மேலே நெஞ்சும் தலையும் காதுப் பென்சிலும் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

"எடுங்க, எடுங்க! நல்லா எடுங்க! உங்க வீட்டு ஆளு விழறப்பவும் இதே மாதிரி வந்து எடுங்க!" அவர் தொண்டை கிழியக் கத்தினார். சிலர் போனை இறக்கினார்கள், பலர் இறக்கவில்லை.

மேற்பார்வையாளர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "யோவ், என்னய்யா கூத்து இது? நம்ம ஆளா நீ? மேல வா."

"படம் எடுங்க சார். இப்ப நாற்காலி தெரியுதா, குழி தெரியுதா?"

"ஆளை உள்ள வெச்சு நான் எப்படிய்யா படம் ஏத்துவேன்?"

"அப்ப மூடி கொண்டாங்க. மூடி வந்தா நான் மேல வர்றேன். அதுவரைக்கும் நான்தான் தடுப்பு. அப்படியே எழுதிக்குங்க."

மேற்பார்வையாளர் கூட்டத்தைப் பார்த்தார், போன்களைப் பார்த்தார், கடைசியில் தன் போனை எடுத்துத் திரும்பி நின்றுகொண்டு யாரையோ திட்ட ஆரம்பித்தார்.

எட்டேகாலுக்குப் பட்டறைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். அவர்களோடு அக்காவும் வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் நின்று, முகத்தை முழுதாகத் திருப்பி, நல்ல கண்ணால் குழியையும் அதில் நிற்கும் தம்பியையும் பார்த்தாள்.

"போக்கா. நேரமாச்சு" என்றார் அவர். குரல் இன்னும் இறங்கவில்லை.

அக்கா பக்கத்திலிருந்தவளிடம், "இன்னைக்கு நான் வரலேன்னு சொல்லிடு" என்றாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துக் குழியின் அருகே போட்டு, கால் இல்லாத மூலைக்கு உடைந்த மூடியின் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தாள். உட்காரப் போனவள் நின்று, தம்பி தன் வலது பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். பிறகு உட்கார்ந்து கையிலிருந்த குடையை விரித்து, அவர் தலைக்கு மேலே பிடித்தாள்.