நாலாம் மரத்துப் புளிப்பு

எண்பத்தாறாம் ஆண்டு அம்மாவின் தம்பி ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பாட்மென்ட் சோபாவில் குடியேறினார். அகதிக் கேஸ் முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாதாம். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்களாம். இதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. எனக்கு ஒன்பது வயது.

மாமா ஊரில் விவசாயக் கந்தோரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இருபது வருஷம் பேசுவார். சும்மா இருந்த அவர் கண்ணில், கட்டடத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் தானாக வளர்ந்து நின்ற பதினொரு மரங்கள் பட்டன. ஈச்சம்பழம் அளவில் சிவப்புக் காய்கள். கொர்னேலியன் செரி என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது. மாமா ஒன்றைக் கடித்துக் கண்ணை மூடினார். "அக்கா, உது மாங்காய்க்கு ஈடு குடுக்கும்" என்றார். ஊறுகாய் இல்லாமல் நாக்குச் செத்துப்போயிருந்த அம்மாவும் சம்மதித்தார்.

அதற்காகக் கண்ட மரத்திலும் காய் ஆயலாமா? நல்ல மரத்தைத் தெரிவு செய்ய வேண்டாமா? மாமா என் பள்ளிக்கூடக் கொப்பியில் மரங்களுக்கு இலக்கம் போட்டார். சதை எவ்வளவு, கொட்டை எவ்வளவு என்று வெட்டிப் பார்த்தார். ருசி பார்க்கும் உத்தியோகம் எனக்கு. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தருவார். என் முகம் எவ்வளவு கோணுகிறதோ அவ்வளவு புள்ளி. நாலாம் மரத்துக் காயில் நான் அழுதேவிட்டேன். மாமா பரவசமாகி அம்மாவின் பழைய சீலையில் ஒரு துண்டைக் கிழித்து அந்த மரத்தில் கட்டினார்.

மறுநாள் துண்டு ஒன்பதாம் மரத்தில் இருந்தது. இனிக்கிறது என்று நாங்கள் பூச்சியம் போட்ட மரம் அது. மாமா அவிழ்த்து நாலில் கட்டினார். அடுத்த நாளும் ஒன்பதில். எவனோ எங்கள் மரத்தைச் சுருட்டப் பார்க்கிறான் என்று மாமா பற்றைக்குள் காவல் இருந்தார். மொழிபெயர்க்க என்னையும் இருத்தினார்.

வந்தவர் இரண்டாம் மாடி யூகோஸ்லாவியக் கிழவர். அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவராம். மாமா பாய்ந்து போய், "ஆர் இவர் எங்கட துணியைத் தொட? கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். கிழவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். பல்கனியில் நின்று பார்த்தால் ஒரு மனுசன் தினமும் புளிக் காயை வாயில் தீத்திப் பிள்ளையை அழ வைக்கிறானாம். ஆளுக்கு நல்ல மரம் எதுவென்று தெரியவில்லை போல என்று, தான் ஜாம் காய்ச்சும் ஒன்பதாம் மரத்தை எங்களுக்கு விட்டுத்தந்தாராம்.

மாமா வெட்கத்தில் சிரித்தார். நாலாம் மரத்துக் காயொன்றை மிளகாய்த்தூளோடு கிழவரின் வாயில் வைத்தார். அவர் இருமி முடித்து, இதுவா சிறந்த மரம் என்று கேட்டார்.

"ஒரு வரியக் காய்ப்பை வைச்சுச் சொல்லேலாது. இன்னும் மூண்டு வரியம் நான் நிண்டு பாக்கவேணும் எண்டு சொல்லு" என்றார் மாமா.

சொன்னேன். கிழவரின் சிரிப்பு நின்றது. மாமாவின் தோளை மெல்லத் தடவினார். மூன்று வருஷத்தில் தோளைத் தடவ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. வீட்டுக்கு ஓடிப்போய், இன்னும் மூன்று வருஷம் மாமா இங்கே நிற்கப்போகிறாராம், அவ்வளவு காலமும் இந்தப் புளியை நான்தான் தின்ன வேண்டுமாம் என்று அம்மாவிடம் முறையிட்டேன். ஊறுகாய்க்குக் காய் பிரட்டிக்கொண்டிருந்த அம்மா முழங்கையால் கண்ணைத் துடைத்தார். மிளகாய்த்தூள் பட்டுவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.