காக்கை வன்னியன் என்ற பெயர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. ஐந்தாம் மாடியில் நாகேந்திரம் அண்ணை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். யாழ்ப்பாண இராச்சியத்தின் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். யாரைக் கண்டாலும் பழைய பெயர் ஒன்றைத் தேடியெடுத்துச் சூட்டிவிடுவார். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியை ஒருமுறை திருத்தியதற்காக நான் குளக்கோட்டன். குளம் கட்டிய மன்னனின் பெயர் யாருக்குத்தான் கசக்கும்? நானும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கலன்று அவர் சங்கிலி மன்னனின் கதையை நடித்தே காட்டுவார். அதில் அவர்தான் காக்கை வன்னியன், மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுத்தவனாகக் கதைகளில் வருபவன். சங்கிலியாக நிற்க மூன்றாம் மாடிச் சாந்தகுமாரை இழுப்பார். சாந்தகுமார் ஹாட்வெயார் கடையில் வேலை செய்பவன், கொட்டாஞ்சேனையிலிருந்து குடிவந்தவன். மனைவி, மகளைத் தவிரச் சொந்தம் என்று இங்கே ஒருவரும் இல்லை, எங்களைத்தான் நம்பியிருந்தான்.

லிஃப்ட் பழுதானதோடு சிரிப்பெல்லாம் போயிற்று. கார் நிறுத்தும் இடத்தைக் கடைக்கு விட்டுக்கொடுத்தால்தான் திருத்துவோம் என்றது கட்டடக் கம்பனி. ஒருவரும் தனியாகப் போய்க் கதைப்பதில்லை என்று கூடி முடிவெடுத்தோம். ஆனால் அண்ணையின் மனைவி கனகேஸ்வரி அக்காவுக்குக் கிழமைக்கு இருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவரைக் கதிரையில் இருத்தி, நானும் சாந்தகுமாரும் படியால் தூக்கி இறக்குவோம். பாரம் அவனுக்குப் பழக்கம். அக்காவின் முனகலைத்தான் தாங்கமாட்டான்.

ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் ஒரு தேநீர்க் கடைக்குள் சாந்தகுமார் கம்பனி மேனேஜரோடு இருந்ததை அண்ணை கண்டுவிட்டார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழும்பி, கண்டதைச் சொல்லி, அவனையே பார்த்தபடி, "எங்களுக்குள்ள ஒரு காக்கை வன்னியன் இருக்கிறான்" என்றார்.

சாந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

பெயர் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. படியில் அவனைக் கண்டால் கதை நின்றுவிடும். அவன் மகள் நிருஷாவைப் பார்த்துப் பிள்ளைகள் காகம் மாதிரிக் கரைந்தார்கள். கொட்டாஞ்சேனைக்கே திரும்பிப் போவோம் என்று மனைவி அழுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. அப்படியிருந்தும் கதிரை தூக்க மட்டும் அவன் வரத் தவறவில்லை. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடப்பார்.

பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் லிஃப்ட் திருத்துகிறவர்கள் வந்தார்கள். வேலை முடிகிற நேரம் மேனேஜரும் வந்தார். எந்த இடத்தை எழுதிக் கொடுத்து இந்த வேலை நடக்கிறது என்று அண்ணை அவரிடம் சிங்களத்தில் பாய்ந்தார். ஒன்றையும் எழுதிக் கொடுக்கவில்லை என்றார் மேனேஜர். மூன்றாம் மாடி மனிதர்தான் திரும்பத் திரும்ப வந்து, ஒரு நோயாளி அம்மாவைப் படியால் தூக்கி இறக்குகிறோம், பார்க்க முடியவில்லை என்று கெஞ்சினாராம். முதலாளி சம்மதிக்கும்வரை வெளியே மூச்சு விடவேண்டாம் என்று மேனேஜர்தான் அவரிடம் கேட்டுக்கொண்டாராம்.

அண்ணைக்கு முகம் வெளிறிப்போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சாந்தகுமார் வேலை முடிந்து வந்து படியில் கால் வைத்தான். அண்ணை கண் கலங்க, "தம்பி" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவனிடம் போனார்.

அவன் ஒரு படி மேலே ஏறி விலகினான்.

"வேண்டாம் அண்ணை. காக்கை வன்னியனும் சங்கிலியைக் கட்டிப் பிடிச்சுத்தான் காட்டிக் குடுத்தவன். நீங்கள்தானே நடிச்சுக் காட்டினீங்கள்."

விரித்த கைகள் அப்படியே நின்றன. அந்தப் பெயரைப் பொருந்துகிற இடத்தில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். லிஃப்ட் கதவு திறந்தபடி இருக்க, சாந்தகுமார் படியாலேயே வீட்டுக்கு ஏறிப் போனான்.