அத்திம்பேர் நீவிய இறக்கை

மகளின் எர்ணாகுளம் ஃப்ளாட்டில் என் மாப்பிள்ளை சாக்லேட் தின்றுவிட்டு, வெள்ளித்தாளை மேஜையில் வைத்து நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். அந்தச் சரசரப்பில் எனக்குப் பல் கூசியது.

மட்டாஞ்சேரியில் அப்பாவுக்குத் தேயிலை கோடவுனில் வேலை. பெட்டிகளின் உள்ளே ஒட்டும் ஈயத்தாளில் கிழிந்ததை எனக்குக் கொண்டுவருவார். அதில் தேயிலை வாசனை போகவே போகாது. பன்னிரண்டு வயதில் ஒரு மர விமானம் செதுக்கி, அந்தத் தாளைப் போர்த்தினேன். எதிரே இருந்த தீவின் விமானத் தளத்தில் வேலியோரம் நின்ற நிஜ விமானத்தைப் பார்த்திருந்தேன். உடம்பெல்லாம் வரிசை வரிசையாக ஆணித்தலைகள். அதேபோலப் புடைத்து நிற்கவேண்டுமென்று, ஒட்டும் முன் தாளின் பின்பக்கத்தில் மழுங்கிய ஊசியால் புள்ளி புள்ளியாக அழுத்தினேன். பூஜை விடுமுறை முழுக்க அதற்கே போனது.

தலைதீபாவளிக்கு அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவதற்குள், அத்திம்பேர் ஸ்பூனின் முதுகால் விமானத்தைத் தேய்த்து முடித்திருந்தார்.

"மேலெல்லாம் சொரசொரன்னு இருந்துது. நன்னா நீவி வெச்சிருக்கேன், கேட்டியோ?"

ஓர் ஆணித்தலைகூட மிச்சமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"புது மாப்பிள்ளையாக்கும். நமஸ்காரம் பண்ணு."

பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தேன். அவர் சிரித்தபடி ஆசீர்வாதம் செய்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"போரும், அந்தத் தாளைக் கீழே வைங்கோ," என்றேன் என் மாப்பிள்ளையிடம். அவர் விரல் நின்றது.

"அம்மா, அவர்கிட்ட இப்படியா பேசறது?" என்று மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

நான் கையை உதறினேன்.