ஞாயிறு வரைக்கும் ஒரு கோழி

இன்று மலேசியாவின் கிள்ளானில், பக்கத்து வீட்டு மலர் அக்காவையும் அவர் கொல்லையில் வளர்க்கும் கோழியையும் கால்நடை டாக்டரிடம் காரில் கூட்டிப் போனேன்.

கோழி நிற்க முடியாமல், பெட்டிக்குள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் தமிழர். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். "உள்ள முட்டை ஒடஞ்சு சீழ் பிடிச்சிருக்கு அக்கா. ரொம்ப வலி. ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்."

அக்கா பதறிப்போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டார். "ஐயோ, கொன்னுடாதீங்க! மகனுக்கு வேலை கெடச்சா முனியாண்டிக்கு வெட்டுறேன்னு நேர்ந்துவிட்ட கோழி. வேலை கெடச்சிருச்சு. ஞாயித்துக்கெழம பூசை. அதுவரைக்கும் உசுரோட இருந்தா போதும் லா."

"வேற கோழிய வெட்டுங்களேன்."

"சாமிக்குச் சொன்னத மாத்துனா குத்தமாயிடும்."

"சரி, ஆன்டிபயாடிக் தரேன். ஆனா மருந்து கறியில நிக்கும், சாப்பிடக்கூடாது."

அக்கா யோசித்தார். சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டாகிவிட்டது.

"அப்போ மருந்து வேணாம். தண்ணி மட்டும் ஏத்துங்க."

"வலிக்காவது மருந்து தரட்டுமா?"

"அதுவும் கறியில நிக்குமா டாக்டர்?"

"நிக்கும்."

"அப்போ வேணாம்."

திரும்பும் வழியெல்லாம் அக்கா அதன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். "பாவம், எப்படித் துடிக்குது பாருங்க தம்பி. நீங்களும் வேண்டிக்குங்க. ஞாயிறு வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

வேண்டிக்கொண்டேன், வீடு போய்ச் சேர்வதற்குள் செத்துவிட வேண்டும் என்று.

இரண்டு வேண்டுதலும் ஒரே முனியாண்டியிடம்தான் போயிருக்கிறது. கோழி இன்னும் சாகவில்லை. அவர் யார் பேச்சைக் கேட்பார், நீங்களே சொல்லுங்கள். அக்காவிடமாவது கொடுக்க ஒரு கோழி இருக்கிறது.