நான் டைப் அடித்த கடிதம்

அந்தக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் "பாங்க்காரன் பண்ணினான்" என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த பாங்க்காரர்களில் நானும் ஒருத்தி.

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு பாங்க் கிளையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். முதல் ஆறு மாதம் தற்காலிகம். மானேஜர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். "மானேஜர் எது சொன்னாலும் சரின்னுடு. வாயைத் திறந்துண்டு நிக்காதே" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அப்படித்தான் இருந்தேன்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாதாம். அவர்களுக்கென்று தனி வகைக் கணக்கு உண்டு. அதற்கு மாற்ற வேண்டும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பாஸ்போர்ட் விவரம். குறித்த நாளுக்குள் படிவம் வராவிட்டால் கணக்கை முடித்துவிடலாம். "மாற்று" என்பதுதான் சர்க்குலரின் முதல் பக்கம் முழுக்க. "முடித்துவிடலாம்" என்பது கடைசி வரி. எங்கள் மானேஜருக்குக் கடைசி வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

லெட்ஜரைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்து அரைமணி நேரத்தில் அதை இரண்டாகப் பிரித்தார். அமெரிக்காவில் இருக்கும் என்ஜினியர்கள், டாக்டர்கள் எல்லாம் ஒரு பக்கம். அவர்களுடைய அப்பா அம்மா வீடுகளுக்கு அவரே போனார். லஸ் பக்கம் ஒரு வீட்டுக்குப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில். வாசலிலேயே மானேஜர் குரல் குழைந்தது.

"மாமி, ஆத்துல மாமா இருக்காரா? ஒண்ணுமில்லே, ஒரு கையெழுத்துதான். இதைப் பிள்ளைகளுக்கு ஏர்மெயில்ல அனுப்பிச்சுடுங்கோ. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லே."

காபி வந்தது. குடித்துவிட்டு வந்தோம்.

பட்டியலின் மறுபாதிக்குக் கடிதம். இங்கிலீஷில், நான்கு வரி, சாதாரணத் தபாலில், உள்ளூர் முகவரிக்கு. கப்பலில் வேலை செய்தவர்கள், மலேயாவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர்கள், அப்புறம் குவைத்தில் ஒரு நர்ஸ். அவளுடைய கடிதத்தையும் மற்றக் கடிதங்களையும் ஒரே மத்தியானத்தில் அடித்து முடித்தேன். வேகமாக அடித்ததற்கு மானேஜர் பாராட்டினார்.

அந்த நர்ஸை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் அம்மாவை மாதா மாதம் பார்ப்பேன். எங்கள் பாங்குக்குப் பக்கத்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள். அங்கே நர்ஸுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மகளை அந்தப் படிப்பு படிக்க வைத்தாளாம். அடையாற்றங்கரையில் குடிசை. மகள் குவைத்திலிருந்து டிராஃப்ட் அனுப்புவாள். அம்மா கொண்டுவந்து மகள் கணக்கில் போடுவாள். மகள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் பேரில் மாதம் பிறந்ததும் கொஞ்சம் எடுத்துப் போவாள். படிக்கத் தெரியாது, கைநாட்டு. ஸ்லிப்பை நான்தான் எழுதிக் கொடுப்பேன். கைநாட்டென்றால் ஒரு ஆபீசர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக மானேஜர் ஒவ்வொரு மாதமும் முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புதான் மகளை மறுபாதியில் சேர்த்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.

கடிதம் போன பிறகு, கெடு முடிவதற்கு முன்னால், அவள் ஒரு தடவை வந்தாள். எப்போதும்போல ஸ்லிப் எழுதிக் கொடுத்தேன். டோக்கனை வாங்கிக்கொண்டு, உட்கார இடமில்லாமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். "வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்ததா? அதை உடனே பொண்ணுக்கு அனுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. வேலை இன்னும் நிலைக்கவில்லை. கடிதம்தான் போயிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஸ்லிப்பைக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு முடிந்துவிட்டது. இருந்த பணத்துக்கு மகள் பேரில் பே ஆர்டர் என்கிற பாங்க் செக் போட்டுக் குவைத்துக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. அவள் நேராக என்னிடம் வந்தாள். இடுப்பிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்தாள். உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

"இன்னாம்மா சொல்றாங்க? கணக்கே இல்லன்றாங்க. போன மாசம் நீதானே சீட்டு எழுதிக் குடுத்தே? இந்தக் கடுதாசியக் கூட உங்கைல குடுத்துப் படிக்கச் சொல்லலாம்னு வச்சிகினு இருந்தேன். எம் பொண்ணு துட்டு எங்க கீது?"

நான் பதில் சொல்வதற்குள் மானேஜர் வந்துவிட்டார். "ரூல் மாறிப்போச்சு. லெட்டர் போட்டோம், பதில் இல்லை. இங்க நின்னு கத்தக்கூடாது."

"யாரு சார் கத்துனது? கேட்டுகினுதானே கீறேன். கேக்கக்கூடாதா? நான் இன்னா திருடியா?"

வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவன் வருவதற்குள் அவள் தானாகவே வெளியே போய்விட்டாள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது. பே ஆர்டர் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அவள் கணக்கில் மட்டுமே போடலாம் என்று குறுக்கே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அங்கே எந்த பாங்கும் அதைத் தொடவில்லை. மகள் அதைப் பதிவுத் தபாலில் அம்மாவுக்குத் திருப்பி அனுப்பினாள். அம்மா எங்களிடம் கொண்டுவந்தாள். "இதைக் கணக்குலதான் போடணும். கணக்குதான் இல்லையே?" என்றார் மானேஜர். சரி, புதிதாக ஒன்று தொடங்குங்கள் என்று மகள் கடிதம் எழுதினாள். "வெளிநாட்டுல இருக்கறவங்க நேர்ல வராம தொடங்க முடியாது" என்றார். கணக்கை மூடியவர் அவர். கணக்கில்லாமல் எடுக்க முடியாதபடி காகிதம் கொடுத்தவரும் அவர். கணக்குத் தொடங்க விடாதவரும் அவரே. எல்லாவற்றுக்கும் ஒரு ரூல் எண் சொன்னார். அதற்கான கடிதங்களையும் நான்தான் அடித்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர் அறைக்குப் போய், "சார், லஸ் வீட்டுப் படிவம் கெடு முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வந்தது. அதை வாங்கிண்டோமே?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருதரம் பார்த்தார். "உனக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகலை, தெரியுமோன்னோ?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாததற்கு மறுமாதமே வேலை நிலையாயிற்று.

கணக்கில்லாமல் டிராஃப்டையும் மாற்ற வழியில்லை. மகள், ஊருக்கு வருகிறவர்கள் கையில் எப்போதாவது கொடுத்தனுப்பியதுதான் அம்மாவுக்கு வந்தது. அது போதவில்லை. அறுபது வயதில் அவள் அடையாறு காந்தி நகரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். இதை அவள் சொல்லவில்லை. ஒரு தோழியைப் பார்க்க அந்தப் பக்கம் போனபோது கொல்லைப்புறத்தில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சாம்பல் கையோடு எழுந்து நின்று, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து மகள் லீவில் வந்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையில் பாங்க் திறந்ததும் வந்து நின்றாள். பே ஆர்டரின் காலம் முடிந்திருந்தது. மறுபடி தேதி போட்டுத் தர மானேஜர் பன்னிரண்டரை மணிவரை உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்பது பேச்சுக்கு. நிற்கத்தான் வைத்தார். மகள் என் மேஜைக்கு வந்தாள். கையில் எங்கள் கடிதம் இருந்தது.

"கீழ சின்ன எழுத்துல ரெண்டு எழுத்து இருக்கே, டைப் அடிச்சவங்க இனிஷியலா?"

"ஆமா. என்னுதுதான்."

"இங்கிலீஷ்ல அடிச்சீங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல? மாசா மாசம் நீங்கதான் ஸ்லிப் எழுதிக் குடுப்பீங்களாமே?"

தெரியும் என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"உடு கண்ணு, அது சின்னப் பொண்ணு" என்றாள் அம்மா. எனக்காக அவள் பரிந்து பேசினாள்.

சாப்பாட்டு நேரமாயிற்று. நான் எழுந்து அவர்களோடு வெளியே வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இனி எங்கள் பாங்கில் கணக்கு வேண்டாம் என்றாள் மகள். நான்கு கட்டிடம் தள்ளி வேறொரு பாங்க் இருந்தது. அங்கே அழைத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், ஒரு படிவத்தை எடுத்தார், அதே படிவம்தான், மூன்று பேருக்கும் நாற்காலி காட்டினார். அம்மாவுக்கான அதிகாரக் கடிதம், கைநாட்டு, சாட்சிக் கையெழுத்து எல்லாம் முடிந்து, பே ஆர்டரையும் கணக்கில் போட்டு, பாஸ் புத்தகம் கைக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிஷம். இந்த இருபது நிமிஷத்துக்காக ஒரு கிழவி ஒன்றரை வருஷம் ஊரார் எச்சில் பாத்திரத்தைத் தேய்த்திருக்கிறாள்.

மகள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

நான் திரும்பும்போது அரைமணி நேரம் தாமதம். மானேஜர் வாசலிலேயே நின்றார். எங்கே போனேன் என்று சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. நமக்கு ஒரு தொல்லை விட்டது."

"தொல்லை இல்லை சார். அது நம்ம வேலை. நாம செய்யலை. நான் பயந்துண்டு செய்யலை. நீங்க வேணும்னே செய்யலை."

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அவர் முகம் சிவந்தது. தாமதத்துக்கும் மரியாதைக் குறைவுக்கும் எனக்கு ஒரு மெமோ கொடுப்பதாகச் சொன்னார். உள்ளே போய், மெமோவுக்கான வாசகத்தை எழுதி, வழக்கப்படி டைப் அடிக்க என் மேஜைக்கே அனுப்பி வைத்தார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன். "இதை நான் அடிக்க மாட்டேன் சார்" என்றேன்.

கடைசியில் அவரே கையால் எழுதிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம்வரை ஒரு கடிதம்கூட நான் அடிக்கவில்லை.