சீரியலில் இறந்த என் மகள்

சனிக்கிழமை மாலை ஏழு நாற்பதுக்கு என் மகள் டிவியில் இறந்துபோனாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த நான், கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்று பார்த்தேன். சீரியல் வீட்டின் சுவரில் அவள் படம், அதற்கு ஒரு ரோஜா மாலை, கீழே ஒரு விளக்கு. மாமியாராக நடிக்கும் அம்மாள் கண்ணைத் துடைத்தபடி, போன வாரம் வரைக்கும் நன்றாகத்தானே இருந்தாள் என்றார். பிறகு சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

இப்படி வரப்போகிறது என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. அடுப்பு வேலையை முடித்துவிட்டு எட்டரைக்குச் சென்னைக்கு ஃபோன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

அவள் சினிமாவில் இருந்தது ஆறு வருடம். கோயம்புத்தூரில் கல்லூரி முடித்ததுமே ஒரு பெரிய கம்பெனி மூன்று படங்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அது முடியும்வரை வேறு யார் படத்திலும் நடிக்கக் கூடாது. முதல் படத்தில் கதாநாயகிக்குத் தங்கை. இரண்டாவது பாதியில் நின்றது, தொடங்கியது, மறுபடியும் நின்றது. மூன்றாவதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவேயில்லை. கம்பெனி விடுவித்தபோது தங்கையாக நடிக்கிற வயது அவளுக்குப் போயிருந்தது. டிவிக்குப் போகப்போவதாக ஒரு நாள் ஃபோனில் சொன்னாள். பரீட்சை முடிவைச் சொல்ல வந்து நிற்கும் பிள்ளைகளின் குரல் அது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடமாக நான் கேட்டுப் பழகிய குரல்.

டிவியில் அவளுக்குப் பொல்லாத அண்ணி வேடம். ஆறு வருட சினிமாவில் ஊரில் ஒருவருக்கும் தெரியாதவளை மூன்றே மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "டீச்சரே, மகளக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க, மாமியாள அந்தப் பாடு படுத்தறா" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

வேலை மட்டும் அவளைத் தின்றது. விடிந்தால் மேக்கப், இருட்டிய பிறகும் லைட். உடுத்தும் புடவையும் நகையும் நடிக்கிறவர்களே கொண்டுபோக வேண்டும். கேமராவுக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார், அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு வருடத்தில் அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட ஒரு நொடி யாருக்காகவோ காத்திருந்துவிட்டுப் பதில் சொல்வாள். கடைசியாகப் பேசியபோது, இதற்கப்புறம் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். அலுப்பில் பேசுகிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஃபோன் அணைந்திருப்பதாகக் குரல் சொல்லச் சொல்ல, அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அதற்குள் யாரோ டிவித் திரையைப் படம் எடுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். மாலை போட்ட அந்தப் படம், சீரியல்காரர்கள் எப்போதோ கேட்டபோது அவள் கொடுத்தது, எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் எடுத்தது. அரக்குப் பட்டும் பின்னால் தெரியும் கோயில் தூணும் உறவில் எல்லோருக்கும் தெரியும். சீரியல் பார்க்காதவர்களுக்கு அது எங்கள் வீட்டுப் பெண்ணின் படம், அதற்கு மாலை, அவ்வளவுதான்.

பொள்ளாச்சியிலிருந்து என் கணவரின் அக்கா கூப்பிட்டார். நங்கையா என்றுதான் நான் அவரை அழைப்பது. அழுகைக்கு நடுவே, தங்களிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். அது சீரியல், நிஜமில்லை என்று விளக்கினேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"செரி புள்ள. அவகூடப் பேசீட்டயா?"

"ஃபோன் எடுக்கலீங்க நங்கையா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சென்னையில் மகளுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பெண் ஷூட்டிங்குக்காக ஹைதராபாத்தில் இருந்தாள். இரண்டு நாளாகப் பேசவில்லை என்றாள். சீரியல் ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. என் கணவர் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விடப் போவதாகச் சொல்லி வெளியே போய், மோட்டாரைப் போடாமலேயே திரும்பி வந்தார்.

விடிந்ததும் தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சீரியலுங்க, சும்மா கதைங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னை இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நேராகக் கேட்டார். "பொய்யாவே இருக்கட்டும் டீச்சர். ஒரு வாட்டி அவளப் பேசச் சொல்லுங்க, கேட்டுட்டு நாங்க எந்திரிச்சுப் போறோம்."

அவர் முன்னாலேயே அவளுக்கு ஃபோன் போட்டேன். அதே குரல். அவர் என் கையைப் பிடித்து, கொஞ்சம் அழுத்தி, எழுந்து படியிறங்கிப் போனார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில், உப்பு வாங்கிக்கொண்டு போனால்கூட அதைச் சொல்லாமல் போனவர் இல்லை. எழவு வீட்டில் மட்டும்தான் எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அதுவரை எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. அவர் முதுகு வாசலைத் தாண்டியபோது என் மகள் இல்லை என்றே ஆகிவிட்டது. நான் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் சென்னை வரை கார் பேசிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

கார் வருவதற்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்தது. அதிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு அவள் இறங்கினாள். ஷூட்டிங் புடவைகள் மொத்தமும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. முற்றத்தில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அவர்களையும், பித்தான் மாறிப்போன சட்டையோடு நின்ற அப்பாவையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

முந்தின நாள் சீரியல் வந்ததுமே தெரியாத ஆட்களெல்லாம் கூப்பிட்டு, ஏன் செத்தாய் என்று கேட்டதில் ஃபோனை அணைத்துவிட்டு ராத்திரி ரயில் ஏறிவிட்டாளாம். வெள்ளிக்கிழமைதான் சீரியல் ஆபீசிலிருந்து அவளிடமே சொன்னார்களாம், அதுவும் ஃபோனில், இனி வர வேண்டாம் என்று. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். முகத்தை இழுத்துக்கொள்ளாமல், சுற்றி நின்றவர்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"போட்டோவுக்கு மாலை போட்டு முடிச்சுட்டாங்கம்மா. சாகறதுக்கு ஒரு சீனாவது குடுத்திருக்கலாம்."