சேராத எலும்பும் ஒரு மிஷ்ரி டப்பாவும்

சென்ற ஜூன் மாதம், முதல் மழை பெய்த வாரம், என் வலது காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. எலும்பு சேரவில்லை.

அன்று அறுவை சிகிச்சை முடிந்து தொண்ணூற்றிரண்டாம் நாள். கணுக்கால் மூட்டும் அதற்குக் கீழுள்ள மூட்டும் தேய்ந்து, அடி வைக்கும்போதெல்லாம் உயிர் போனது. இரண்டையும் அசையாதபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வலி நிற்கும் என்று ஐந்து ஸ்குரூ போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் சேராவிட்டால், மறுபடியும் அறுத்து, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டுமாம். எனக்கு வயது எழுபத்தொன்று. நெஞ்சும் பலவீனம். தாராவியில் எங்கள் அறை மாடியில். பதினோரு படி இரும்பு ஏணி. அந்த மூன்று மாதத்தில் நான் இறங்கியது நான்கு முறை, நான்கும் பிறர் தோளில். இனி இப்படியேதானா என்று டாக்டர் அறை நாற்காலியில் உட்கார்ந்தே அழுதேன்.

“பீடி, சிகரெட் உண்டா காகா?” என்று டாக்டர் இந்தியில் மறுபடி கேட்டார். பெரியவர்களை இங்கே ‘காகா’ என்றுதான் அழைப்பார்கள்.

“வாழ்நாளில் ஒன்றுகூட இல்லை” என்றேன். அறுவைக்கு முன்பும் அதையே சொல்லியிருந்தேன். அது உண்மை.

பக்கத்தில் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். “மிஷ்ரியச் சொல்லலியா நீங்க?”

“அது பல் தேய்க்கிறதுல்லா. அதையா கேட்டாரு?”

“இருக்கது ஏழு பல்லு. அத நாளைக்கு அஞ்சு தடவ தேய்ப்பாவளாக்கும்!”

மிஷ்ரி என்பது கருக வறுத்துப் பொடித்த புகையிலை; விரலால் தொட்டுப் பல்லில் தேய்ப்பது. மில்லில் குமாஸ்தாவாக இருந்தபோது பழகியது. வாய் வழியாகப் போனாலும் புகையிலை எலும்பைச் சேரவிடாது என்று டாக்டர் சொன்னபோது, என் சட்டைப்பையில் டப்பா இருந்தது.

எங்கள் சபையில் பதினான்கு சகோதரிகள் என் காலுக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தார்கள். பதின்மூன்று வெள்ளி. அவர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஜெபித்த நேரத்தில், நான் மேலே உட்கார்ந்து அந்தப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதை எண்ணியபோது வெட்கம் என்னைத் தின்றது.

அடுத்த வெள்ளி அவர்களை வீட்டுக்கு வரவழைத்து, டப்பாவை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மனைவி அதைச் சாக்கடையில் கொட்டினாள். அதுவரை, “ஆண்டவரே, எலும்பைச் சேர்த்தருளும்” என்றே ஜெபித்தவன், அன்று முதல் வேறு விதமாகக் கேட்டேன்: “ஆண்டவரே, இந்த விரலைப் பிடித்துக்கொள்ளும்.”

தலைவலி வந்தது. மலம் கட்டியது. எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். காலையில் விரல் தானாக வாய்க்குப் போகும். ஒன்பது நாள் அப்படி. பத்தாம் நாள் போகவில்லை. என் பலத்தால் அல்ல.

ஆகஸ்ட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இருந்த இடத்தைக் காட்டி, “சேர்ந்துகொண்டு வருகிறது காகா” என்றார் டாக்டர். இரண்டாம் அறுவை தேவைப்படவில்லை.

என் கணுக்கால் இனி மடங்காது. சரிவில் நடந்தால் தடுமாறும். ஆனால் அந்த வலி இல்லை. பதினோரு படியும் பக்கவாட்டில், நானே ஏறுகிறேன்.

அன்பானவர்களே, ஜெபிக்கச் சொல்லிவிட்டு எதையாவது மறைத்து வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வைத்தியரிடமும் கர்த்தரிடமும். கர்த்தர் கைவிட மாட்டார். நற்கருணையில் எல்லோரும் முழங்காலிடும்போது, கால் மடங்காமல் நான் மட்டும் நிற்பதைப் பார்த்து யாரும் வருந்த வேண்டாம். அந்தப் பீடம் வரைக்கும் என் காலால் நடந்து வந்திருக்கிறேன்.